உதிர்ந்த கோட்டையின் கற்களால் ஓர் ஆலயம்



நம்மில் அநேகர் ஞாயிறுதோறும் கூடிவரும் இடத்தை 'ஆலயம்' என்று சொல்லச் சற்றுத் தயங்குவோம். கடைத்தெருவின் மேல்மாடியில் ஒரு கூடம், அதற்கு மாத வாடகை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வார நாட்களில் டியூஷன் வகுப்பு நடக்கும் அறை, ஞாயிறு காலையில் நமக்குச் சபையாகிறது. மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் பிழைக்க வந்த நம் ஜனங்களின் உபவாச ஜெபங்களில், "ஆண்டவரே, எங்களுக்கென்று ஒரு சொந்த இடம் தாரும்" என்னும் விண்ணப்பம் தவறாமல் ஏறெடுக்கப்படுகிறது. இடம் கிடைத்துவிட்ட சபைகளில் அடுத்த விண்ணப்பம் தொடங்குகிறது: இன்னும் பெரிய இடம்.

அந்த விண்ணப்பத்தை மனதில் வைத்துக்கொண்டே, இம்மாதம் உங்களை இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஒரு சிறு கிராமத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக நிற்கும் ஒரு தேவாலயம் உண்டு. நம் பத்திரிகையில் கட்டடக் கலையைப் பற்றி எழுதுவது வழக்கமில்லை. சபை என்பது கட்டடமல்ல, ஜனங்களே என்பது நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாடம். அது சத்தியமே. ஆயினும் ஜனங்கள் எப்படி விசுவாசித்தார்கள், எதற்குப் பயந்தார்கள், எதை அசட்டை செய்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள் கட்டிய சுவர்கள் காட்டிக்கொடுக்கின்றன. இந்தச் சுவர்களும் அப்படிப்பட்டவையே.

ஊரின் பெயர் எஸ்கம். டர்ஹாம் மாவட்டத்தில், வியர் என்னும் நதியின் அருகே அமைந்திருக்கிறது. லண்டனிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் டார்லிங்டனில் இறங்கி, அங்கிருந்து கிளைப்பாதையில் பிஷப் ஆக்லாந்து என்னும் சிறு நகரத்தை அடையலாம். எஸ்கம் அதற்கு மேற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பழைய ஆலயம் என்றவுடன் மலையுச்சியும் மரத்தோப்பும் நினைவுக்கு வரும் நமக்கு, அங்கே முதலில் கண்ணில் படும் காட்சி ஏமாற்றத்தையே தரும். இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட எளிய குடியிருப்பு வீடுகள் வளையமாய் நிற்கின்றன. அவற்றின் நடுவே வட்டமான ஒரு கல்லறைத் தோட்டம், அதன் மத்தியில் இந்த ஆலயம். கோபுரமில்லை, வர்ணக் கண்ணாடி இல்லை, அலங்காரச் சிற்பங்கள் இல்லை. தானியம் சேர்த்துவைக்கும் களஞ்சியம் என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடுவோம்.

இதைக் கட்டிய காலத்தை அறிந்துகொள்ள, இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அந்நாளில் இப்பகுதி நார்தம்பிரியா என்னும் ராஜ்யத்தைச் சேர்ந்தது. கி.பி. 627இல் எட்வின் என்னும் அரசன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டான். அவன் நாட்களில் பவுலினு என்னும் ஊழியக்காரர் யீவரிங் என்னும் ஊரில் 36 நாட்கள் தங்கி, காலை முதல் மாலைவரை போதித்து, அருகிலுள்ள கிளென் ஆற்றில் திரளான ஜனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எஸ்கமுக்குச் சுமார் 30 கி.மீ. தெற்கே, காட்டரிக் என்னும் ஊரையொட்டி ஓடும் ஸ்வேல் ஆற்றிலும் அவ்வாறே செய்தார். இவற்றையெல்லாம் பீட் என்னும் துறவி, 731இல் முடித்த தம் சரித்திர நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்ததற்கு அவர் சொல்லும் காரணம் நம்மைப் புன்னகைக்க வைக்கும்: சபை அங்கே அப்போதுதான் பிறந்திருந்தபடியால், ஜெபவீடுகளையோ ஞானஸ்நான மண்டபங்களையோ கட்ட இன்னும் வழியில்லையாம்! கட்டடம் இல்லாத குறையினால் ஆற்றுக்குப் போனார்கள். ஆற்றுத் துறைக்கும் நீச்சல் குளத்திற்கும் விசுவாசிகளை வேனில் ஏற்றிச் செல்லும் நம் போதகர்களுக்கு இது அந்நியமான காட்சியல்ல.

ஆறுகளுக்குப் பின் மர ஆலயங்கள் வந்தன. லிண்டிஸ்பார்ன் தீவில் ஓக் மரத்தை இழைத்துக் கட்டி, நாணலால் கூரை வேய்ந்த ஆலயம் ஒன்று இருந்ததாக பீட் சொல்கிறார். கல்லில் கட்டும் தொழிலை அந்த ஜனங்கள் அறியார்கள். ரோமர் பிரித்தானியாவை விட்டுச் சென்ற பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அக்கலை அங்கே மறைந்துபோயிருந்தது. 674இல் பெனடிக்ட் பிஸ்கப் என்பவர், இதே வியர் நதி கடலில் கலக்கும் இடத்தில், மங்க்வியர்மவுத் என்னும் ஊரில், ஒரு மடத்தை ஸ்தாபித்தபோது, கல்தச்சர்களைக் கடல்கடந்து இன்றைய பிரான்சு தேசத்திலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி செய்யத் தெரிந்தவர்களையும் அங்கிருந்தே அழைத்துவந்தார். வந்தவர்கள் வேலையை முடித்ததோடு நில்லாமல், உள்ளூராருக்கும் அத்தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள்.

எஸ்கம் ஆலயமும் அந்தத் தலைமுறையில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழும்பியது என்பதே ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. கட்டியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கல்வெட்டும் இல்லை. எஸ்கம் என்ற ஊர்ப்பெயரே பத்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான் முதன்முதலாக ஓர் ஆவணத்தில் வருகிறது. அதுவும் எப்படி? டர்ஹாமின் பேராயர் ஒருவர் தம் ஆளுகைக்குட்பட்ட சில ஊர்களைப் பிரபுக்களிடம் ஒப்புவித்தபோது, அந்தப் பட்டியலில் ஒன்றாக! அடகுச் சீட்டில் பெயர் ஏறிய ஊர் என்றே சொல்லலாம்.

இனி, சுவர்களைப் பாருங்கள்.

வெளிச்சுவரின் கீழ் வரிசைகளில் மிகப் பெரிய கற்கள் இருக்கின்றன. நன்றாகச் சதுரித்து, முகப்பில் உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டவை. மேலே போகப் போக அளவு குறைகிறது. சில கற்களில் காரணமில்லாத குழிகள் தென்படும். தூக்கி வைப்பதற்கான இரும்புக் கொக்கியை மாட்டுவதற்கு ரோமக் கல்தச்சர் வெட்டும் குழிகள் அவை. எஸ்கமுக்கு இரண்டரை கி.மீ. அப்பால், அதே நதிக்கரையில், பின்செஸ்டர் என்னும் இடத்தில் ரோமரின் கோட்டை ஒன்று பாழடைந்து கிடந்தது. கி.பி. 80 அளவில் கட்டப்பட்டு, ரோமர் போனபின் இடிந்துபோன கோட்டை. அதன் கற்களைச் சுமந்துவந்துதான் இந்த ஆலயத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

ஆலயத்தின் வடக்குச் சுவரை வெளிப்புறமாகச் சுற்றிப் பார்த்தால் இதற்கான சாட்சி கிடைக்கும். ஒரு கல்லில் லத்தீன் எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 'ஆறாம் லேகியோன்' என்பதன் சுருக்கம் அது. லேகியோன் என்ற சொல் நமக்குச் சுவிசேஷத்தில் அறிமுகமானது. கதரேனருடைய நாட்டிலே கல்லறைகளில் வாசம்பண்ணின மனுஷனுக்குள் இருந்த அசுத்த ஆவி தன் பெயராகச் சொன்னது அதுவே (மாற்கு 5). ரோமப் படையின் பெரும் பிரிவுக்கு அப்பெயர். ஆறாம் லேகியோன் யார்க் நகரத்தில் பாளயமிறங்கியிருந்தது. உலகத்தை ஆண்ட படை தன் பெயரைப் பொறித்த அந்தக் கல்லை, எஸ்கம் கொத்தர்கள் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கழுத்தைச் சாய்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வேண்டுமென்றே தலைகீழாக வைத்தார்களா? அப்படி வியாக்கியானம் செய்யப் பிரசங்கியாருக்கு ஆசை வரலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கல் எந்தப் பக்கம் பொருந்தியதோ அந்தப் பக்கம் வைத்தார்கள் என்பதே நேரான விளக்கம். ராயனின் படையணிப் பெயரானாலும், சுவருக்கு அது ஒரு கல் மட்டுமே. இந்த எளிய விளக்கம் எனக்கு வியாக்கியானத்தைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது.

பின்செஸ்டர் கோட்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே 2014இல் அகழ்வாராய்ச்சி செய்தவர்கள் ஒரு வெள்ளி மோதிரத்தைக் கண்டெடுத்தார்கள். அதில் பதித்த கல்லில் ஒரு நங்கூரமும் அதில் தொங்கும் இரண்டு மீன்களும் செதுக்கப்பட்டிருந்தன. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நங்கூரமும் மீனும் ஆதி விசுவாசிகள் பயன்படுத்திய அடையாளங்கள் என்பதை அறிவீர்கள். அப்படியானால், எஸ்கம் ஆலயத்திற்குக் கற்களைக் கொடுத்த கோட்டைக்குள்ளே, அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்துவின் அடையாளத்தை விரலில் அணிந்த ஒருவர் நடமாடியிருக்கிறார்.

உள்ளே செல்வோம். சபை கூடும் மண்டபம் சுமார் 43½ அடி நீளம், 14½ அடி அகலம். கணக்கிட்டால் 630 சதுர அடி. மும்பையில் இருக்கும் வாசகர் உடனே சொல்லிவிடுவார், அது ஓர் இரண்டு அறைக் குடியிருப்பின் அளவு என்று. ஆனால் உயரம் 23 அடி! அகலத்தைவிட உயரம் மிகுந்த இந்த அமைப்பே இக்கட்டடத்தின் சிறப்பு. ஒடுக்கமான இடத்திற்குள் நுழைகிற மனிதனின் கண், பக்கவாட்டில் செல்ல வழியில்லாமல், தானாக மேலே போகிறது. அகலத்தை ஏன் குறைத்தார்கள் என்றால், கூரையின் குறுக்கு மரங்கள் இடையில் தூண் இல்லாமல் அவ்வளவு தூரமே தாங்கும். கட்டடம் கட்டிய அனுபவமுள்ள மேஸ்திரிகள் நம் சபைகளில் நிறையப்பேர் உண்டு, அவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஜன்னல்களைக் கவனியுங்கள். ஆதியில் வைத்தவை மிகச் சிறியவை, சுவரில் மிக உயரத்தில் இருப்பவை. தெற்குச் சுவரில் உள்ளவற்றின் தலைப்பகுதி அரைவட்டமாகவும், வடக்குச் சுவரில் உள்ளவற்றின் தலைப்பகுதி நேர்க்கல்லாகவும் இருக்கின்றன. வெளியே குறுகி, உள்ளே வரவர விரிந்து அமைந்தவை. கண்ணாடி அரிதாயும் குளிர் கொடிதாயும் இருந்த தேசத்தில், குறைந்த துவாரத்தின் வழியாய் நிறைந்த வெளிச்சத்தை உள்ளே பரப்பும் உபாயம் அது. பிற்காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், நீண்டு கூர்மையான பெரிய ஜன்னல்களையும் திறந்தார்கள். வசதிக்கு அவை நல்லவைதான். ஆனால் பழைய சிறு ஜன்னல்களின் வெளிச்சத்தில் மட்டும் அந்த மண்டபம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மண்டபத்தின் கிழக்கு முனையில் ஒரு வளைவு. அதைக் கடந்தால் சுமார் பத்தடிக்குப் பத்தடியான சிறிய அறை, அதுவே பீடப் பகுதி. இந்த வளைவுதான் ஆலயத்தின் மகுடம். மிகவும் ஒடுக்கமானது, இருவர் தோளோடு தோள் நின்றால் அடைந்துவிடும். பக்கக் கால்களில் நெடுங்கல் ஒன்றை நிறுத்தி, அதன்மேல் கிடைக்கல் ஒன்றைப் படுக்கவைத்து, மீண்டும் நெடுங்கல் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கிடைக்கல் சுவரின் முழுப் பருமனுக்கும் ஊடுருவிச் சென்று கட்டைப் பிடித்துக்கொள்கிறது. மேலேயுள்ள வளைவுக் கற்கள் அவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டிருப்பதால், அந்த வளைவு முழுவதையுமே ரோமக் கோட்டையிலிருந்து கழற்றிவந்து இங்கே மறுபடியும் நிறுத்தினார்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அதன் அடிப்பாகத்தில் 12ஆம் நூற்றாண்டில் தீட்டிய வண்ணக்கோலம் மங்கலாக எஞ்சியிருக்கிறது.

பழைய ஞானஸ்நானத் தொட்டி ஒன்றும் உண்டு. குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றிய நம் நிலைப்பாடு வாசகர்கள் அறிந்ததே, அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை.

தெற்குச் சுவரின் வெளிப்புறத்தில், உயரத்தில், ஒரு சூரியக் கடிகாரம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கும் சூரியக் கடிகாரங்களில், இங்கிலாந்தில் மிகப் பழையது இதுவே என்று மதிக்கப்படுகிறது. பாம்பு போன்ற ஓர் உருவம் அதைச் சூழ்ந்திருக்கிறது. அரைவட்டத்திற்குள் மூன்றே கோடுகள். மணி பார்ப்பதற்கு மூன்று கோடுகள் போதுமா என்று கேட்பீர்கள். அந்த நாளின் விவசாயிக்கு வேறு மணி தேவைப்படவில்லை. ஜெபவேளை எப்போது என்று அறிந்தால் போதும், அதற்காகவே அந்தக் கோடுகள். லோக்கல் ரயிலைப் பிடிக்க நிமிடம் எண்ணி ஓடும் நமக்கு, ஆராதனைக்கு மட்டுமே நேரம் காட்டும் கடிகாரம் விநோதமாகத்தான் தோன்றும்.

இவ்வளவு பழமையான கட்டடம் எப்படித் தப்பியது? இங்கிலாந்தில் அந்தக் காலத்து ஆலயங்கள் எத்தனையோ இருந்தன. முழு உருவோடு எஞ்சியவை மிகச் சிலவே. மற்றவற்றை அழித்ததில் போரும் தீயும் மட்டுமல்ல, செழிப்பும் பெரும்பங்கு வகித்தது. ஊருக்குப் பணம் வந்தவுடன் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிதாய்க் கட்டினார்கள். எஸ்கமுக்கு அருகிலேயே, தெற்கு ஆக்லாந்தில் உள்ள தூய அந்திரேயா ஆலயம் 13ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் விசாலமாக எழும்பியது. எஸ்கமிலோ பணம் வரவில்லை. ஜன்னல்களைச் சற்றுப் பெரிதாக்கினார்கள், வாசலில் ஒரு முன்மண்டபம் சேர்த்தார்கள், அவ்வளவே. மேற்கிலும் வடக்கிலும் ஒட்டியிருந்த சிறு அறைகள் விழுந்தபோது அவற்றைத் திரும்பக் கட்டவுமில்லை. ஏழைக் கிராமத்தின் ஏழ்மையே அந்தச் சுவர்களுக்குக் காவலாக இருந்தது.

செழிப்பு கடைசியில் வரத்தான் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியெங்கும் நிலக்கரிச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. பக்கத்து ஊரான விட்டன் பார்க்கில் 1846இல் இரும்பாலை எழும்பியது. வேலை தேடிப் பல திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிந்தன. நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். 630 சதுர அடி அவர்களைக் கொள்ளுமா? ஆகவே 1863இல் ஊரின் மேட்டுப் பகுதியில் புதிய, பெரிய ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள்.

அதற்காக அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆத்துமாக்கள் பெருகும்போது இடம் பெருகத்தான் வேண்டும். ஆனால் புதியது வந்தவுடன் பழையதைத் திரும்பிப் பாராமல் விட்டுவிட்டார்களே, அதை மனம் ஏற்க மறுக்கிறது. சில ஆண்டுகளுக்குள் கூரை விழுந்தது. லேகியோனின் கல்லும் ரோமரின் வளைவும் மழையில் நனைந்தன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாய்க் குளிரையும் படையெடுப்பையும் வறுமையையும் தாங்கி நின்றதை, ஏறக்குறைய பதினைந்தே ஆண்டுகளின் அசட்டை தரைமட்டமாக்கப் பார்த்தது.

1879இல் அருகிலிருந்த பையர்ஸ் கிரீன் என்னும் ஊரின் குருவானவர் ஹூப்பெல் என்பவர் இதன் பழமையை உணர்ந்து, கற்றோர் உலகத்திற்கு அறிவித்தார். பின்செஸ்டர் கோட்டையையும் ஆராய்ந்தவராகையால், கற்களைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கியிருக்கும். அக்காலத்தில் பழைய ஆலயத்தைப் பழுதுபார்க்கிறோம் என்று சொல்லி, இருந்ததையும் சுரண்டி எடுத்துத் தங்கள் இஷ்டப்படி அலங்கரிப்பது இங்கிலாந்து முழுவதும் ஒரு நோயாகப் பரவியிருந்தது. எஸ்கமை அந்த நோய் தொடவில்லை. கூரையைத் திரும்பப் போட்டு, சுவர்களை உறுதிப்படுத்தி, 1880 வாக்கில் பணியை நிறைவேற்றினார்கள். மற்றதை இருந்தபடியே விட்டார்கள்.

மேட்டின்மேல் கட்டிய பெரிய ஆலயம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் நின்றது. பின்பு அது பழுதடைந்து, இடிக்கப்பட்டது. சபை மலையிறங்கிப் பழைய ஆலயத்திற்கே திரும்பி வந்தது.

அதற்குள் சுரங்கங்களும் ஓய்ந்துகொண்டிருந்தன. 1951இல் டர்ஹாம் மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டம் வகுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கக் கிராமங்களை 'டி' பிரிவில் சேர்த்தது. இனி அவற்றிற்குப் புதிய வீடோ வசதியோ கிடையாது, தாமாகவே அழியட்டும் என்பது அதன் பொருள். விட்டன் பார்க் அந்தப் பட்டியலில் இருந்தது. 2001இல் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, பெங்களூருக்கு ரயிலேறிய குடும்பங்கள் நம் வாசகர்களில் உண்டு. ஓர் ஊர் எப்படி வெறுமையாகிறது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1968இல் எஸ்கம் ஆலயத்தைச் சுற்றிலும் அகழ்ந்து பார்த்தார்கள். விழுந்துபோன சிறு அறைகளின் அஸ்திபாரங்கள் வெளிப்பட்டன. மண்ணுக்குள்ளிருந்து வர்ணக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. மங்க்வியர்மவுத்திலும் ஜாரோவிலும் கிடைத்த பழங்காலக் கண்ணாடியோடு அவை ஒத்திருந்தன. கடல்கடந்து வந்த தொழிலாளிகள் நதிமுகத்தில் கற்றுக்கொடுத்த கலை, நதியின் மேல்புறத்திலிருந்த இந்தச் சிற்றூர்வரை எட்டியிருக்கிறது! கல் ரோமருடையது, கண்ணாடி பிஸ்கப்பின் நாட்களுடையது, உழைப்போ உள்ளூர் ஏழைகளுடையது.

மங்க்வியர்மவுத் என்ற பெயரைச் சொன்னபோதே, நம் சபைகளின் சரித்திரம் அறிந்த மூத்த விசுவாசிகள் சற்று நிமிர்ந்திருப்பார்கள். ஆம், அதேதான். வியர் நதியோடு கீழே இறங்கிச் சென்றால், டர்ஹாம் நகரத்தைச் சுற்றிக்கொண்டு, சண்டர்லாந்தில் நதி கடலைச் சேர்கிறது. பிஸ்கப் 674இல் தொடங்கிய தூய பேதுரு ஆலயத்தின் பழைய கோபுரமும் மேற்குச் சுவரும் அங்கே இன்றும் நிற்கின்றன. அதிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் சகல பரிசுத்தவான்களின் ஆலயம். 1907 செப்டம்பரில் அலெக்சாண்டர் பாடி ஐயர் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, பெந்தெகொஸ்தே அக்கினி இறங்கியது அங்கேதான். நார்வேயிலிருந்து தாமஸ் பால் பாரட் அங்கு வந்து கூட்டங்களை நடத்தினார். மறு ஆண்டே, 1908இல், அவர் நம் நீலகிரிக்கு, குன்னூருக்கு வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பிராட்போர்டில் குழாய் வேலை செய்துகொண்டிருந்த ஸ்மித் விக்கிள்ஸ்வொர்த், 1907 அக்டோபரில் பாடி ஐயரின் மனைவி மேரி அம்மையார் கைகளை வைத்து ஜெபித்தபோது அபிஷேகம் பெற்றதும் அங்கேதான்.

கட்டட நிதியைப் பற்றிக் கவலைப்படும் சபைகளுக்கு அங்கே ஒரு விசேஷ சாட்சி உண்டு. பாடி ஐயரின் சபை மண்டபத்தின்மேல் ஒரு கடன் இருந்தது. கர்த்தரின் அக்கினி இறங்கியபோது அது அந்தக் கடனையும் எரித்துப்போட்டது என்னும் பொருள்பட, 1907 செப்டம்பர் என்று காலம் குறித்து, மண்டபச் சுவரின் கல்லொன்றில் எழுதிவைத்தார்கள். இந்தக் கல்லை யாரும் தலைகீழாக வைக்கவில்லை!

பாடி ஐயர் தம் பழைய திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. அப்போது டர்ஹாமின் பேராயராயிருந்தவர் ஹேண்ட்லி மவுல். எஸ்கமிலிருந்து மூன்று கி.மீ.க்குள் இருக்கும் ஆக்லாந்து அரண்மனையில் வாசம்பண்ணிய அவர், பாடியின் கூட்டங்களைத் தடைசெய்யவில்லை. நம் முன்னோர் பலர் பழைய சபைகளிலிருந்து வெளியே வரவேண்டியிருந்தது, அவர்கள் பட்ட நிந்தையை நாம் மறக்கவில்லை. ஆனாலும் அதே அக்கினியைப் பெற்ற ஒருவர் பழைய சுவர்களுக்குள்ளேயே இருந்து ஊழியம் செய்ததும் நம் சரித்திரத்தின் ஒரு பக்கந்தான்.

1922இல் பாடி ஐயர் சண்டர்லாந்தை விட்டு, டர்ஹாம் நகருக்குக் கிழக்கேயுள்ள பிட்டிங்டன் என்னும் கிராமத்தின் குருவானவராகச் சென்றார். அங்குள்ள தூய லாரன்சு ஆலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் வடக்கு வரிசைத் தூண்களில் சில, கயிறு முறுக்கியதுபோல் கல்லில் சுழன்று ஏறுகின்றன. ஜன்னலோரச் சுவரில் பழைய ஓவியமும் உண்டு. தம் மரணமட்டும், 1930வரை, அந்தத் தூண்களின் அருகே நின்றுதான் அவர் பிரசங்கித்தார். எஸ்கமைக் காணச் செல்பவர்கள் அன்றைக்கே பிட்டிங்டனையும் பார்த்துத் திரும்பலாம்.